எந்தக் கடிகாரத்தில் பிறந்தீர்கள்?

பினாங்கில் பிறந்தவருக்கு ஜாதகம் கணிக்க உட்கார்ந்தால் நான் முதலில் கேட்பவை மூன்று: எந்த வருடம், எந்த ஊர், நேரத்தைப் பார்த்துச் சொன்னது யார். கல்யாணம் எப்போது, பதவி உயர்வு எப்போது என்று கேட்க வந்தவர்களுக்கு இது சப்பென்று இருக்கும். ஜோசியர் முகத்தைப் பார்த்ததும் நாலு வார்த்தை சொல்லிவிடுவார் என்று வந்தால், இவர் போலீஸ்காரர் மாதிரி வாக்குமூலம் வாங்குகிறாரே என்று நினைப்பார்கள். சிலர் வாய்விட்டே சொல்லியிருக்கிறார்கள்.

எங்கள் அப்பாவும் இதே தொழில்தான். ஜார்ஜ் டவுன் கடைத்தெருவில், அதாவது மார்க்கெட் ஸ்திரீட்டில், ஒரு மளிகைக் கடையின் மாடியில் அவருக்கு ஒரு பலகையும் பெட்டியும் இருந்தன. கீழே அஞ்சடி நடைபாதையில் பூக்காரர், அவருக்குப் பக்கத்தில் கிளிக்கூண்டோடு ஒரு பெரியவர். கிளி சீட்டு எடுத்து முடிப்பதற்குள் கூட்டம் கலைந்து மறுபடி கூடிவிடும். அப்பாவிடம் வருகிறவர்கள் மாடிப்படி ஏறி, மூச்சு வாங்க உட்கார்ந்து, பிறகும் காத்திருக்க வேண்டும். ‘கிளிக்கு மணி பாக்கத் தேவையில்லடா, நமக்குத் தேவை’ என்பார். 1999 முடிவோடு வாடகைக் கட்டுப்பாடு போனது. புத்தாயிரம் பிறந்ததும் வாடகை எகிறி, அந்தத் தெருக்களில் பலர் இடம் மாறினார்கள். நாங்களும் மாறினோம். குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயிலிலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் இப்போதும் இருக்கிறேன். 1833இலிருந்து அங்கே இருக்கிற அம்மன் அவள். அவளைத் தாண்டிப் போய்த் தொழில் செய்ய மனம் வரவில்லை.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது என் பேத்தி படிக்கக் கொடுத்த ஒரு நாவல். சௌராஸ்தா மார்க்கெட் மாடியில் பழைய புத்தகக் கடைகள் உண்டே, அங்கே வாங்கினாளாம். ‘தாத்தா, இதுல ஹீரோ உங்க ஆளு’ என்று கையில் வைத்தாள். பெயர் ‘ஃபேட்டட்’. எழுதியவர் பெனடிக்ட் ஜாக்கா, 2012இல் வந்தது, பன்னிரண்டு நாவல்களின் வரிசையில் முதலாவது. அலெக்ஸ் வேரஸ் என்று ஒரு மந்திரவாதி. லண்டனில் கேம்டன் பகுதியில் மாயப் பொருள்கள் விற்கும் கடை வைத்திருக்கிறான். நெருப்பு வீசுவது, சுவரை உடைப்பது எல்லாம் மற்ற மந்திரவாதிகளுக்கு. இவனுக்கு வாய்த்த ஒரே வித்தை வரப்போவதைப் பார்ப்பது. எதிர்காலம் அவன் கண்ணுக்குக் கிளை கிளையாகப் பிரிந்து தெரிகிறது. ஒவ்வொரு கிளையிலும் புகுந்து பார்த்துவிட்டு, நல்லதாக ஒன்றைப் பொறுக்கிக்கொள்கிறான். இன்னொரு ஆள் இன்னும் முடிவெடுக்காத விஷயம் என்றால் மட்டும் கிளைகள் கலங்கிப் போகும்.

எனக்குப் பிடித்த இடம் கதையின் ஆரம்பத்திலேயே வருகிறது. மந்திரவாதிகளின் சபைக்கு வேறு ஜோசியர்கள் யாரும் அகப்படவில்லை. இந்த வேலையில் தலையைக் கொடுக்க ஒருவரும் முன்வரவில்லை. அதனால்தான் சபைக்கு வேண்டாதவனான அலெக்ஸைத் தேடி வருகிறார்கள். வருவதை அறிந்தவர்கள் நழுவிவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டு சத்தம் போட்டுச் சிரித்தேன். எங்கள் தொழிலில் அந்தச் சாமர்த்தியம் யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. வாடகை ஏறப்போவதையே நாங்கள் பேப்பரில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்.

ஆனால் படிக்கப் படிக்க ஒன்று உறுத்தியது. அலெக்ஸ் வேரஸுக்குப் பின்னால் பார்க்கும் வேலையே இல்லை. கண்ணை மூடினால் முன்னால் இருப்பது தெரிகிறது, அவ்வளவுதான். என் தொழிலில் முன்னால் பார்ப்பது கடைசி அரை மணி நேரம். அதற்கு முன் செய்வதெல்லாம் பின்னால் போய்த் தேடுவது. ஒரு மனிதர் பிறந்த அந்த ஒரு கணத்தைப் பிடிக்காமல் கட்டம் போட முடியாது. அந்தக் கணத்தைப் பிடிப்பது வேறு ஊர்களைவிட எங்கள் ஊரில் கடினம். காரணம் கிரகங்கள் அல்ல, அரசாங்கங்கள்.

எஸ்பிளனேடு பக்கம், கோட்டைக்கு அருகே ஒரு மணிக்கூண்டு நிற்கிறது. 1897இல் வந்த விக்டோரியா ராணியின் வைர விழாவுக்காக எழுந்தது. செட்டியார் கட்டியது என்று எங்கள் ஆட்கள் வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். கட்டிக் கொடுத்தவர் சியா சென் இயோக் என்ற சீனச் செல்வந்தர். ராணி அதுவரை ஆண்ட ஒவ்வொரு வருடத்துக்கும் ஓர் அடி என்று கணக்குப் போட்டு 60 அடி. இரண்டாம் உலகப் போரில் விழுந்த குண்டின் அதிர்வில் லேசாகச் சாய்ந்தும் இருக்கிறது. அந்தக் கூண்டு காட்டிய நேரம் எத்தனை முறை மாறியிருக்கிறது என்பது பினாங்கு ஜோசியனுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும்.

பினாங்கு இருப்பது கிழக்கே 100 டிகிரி 20 கலையில். ஒரு டிகிரிக்கு நாலு நிமிடம் என்று பெருக்கினால், இங்கே சூரியன் ஒப்புக்கொள்ளும் நேரம் கிரீன்விச்சைவிட 6 மணி 41 நிமிடம் முன்னால். சர்க்கார் கடிகாரம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. 1905 ஜூனிலிருந்து 7 மணி நேரம் முன்னால் என்று வைத்தார்கள். 1933இல் வெயிலை மிச்சம் பிடிக்கிறோம் என்று 20 நிமிடம் கூட்டினார்கள். 1941 செப்டம்பரில் இன்னும் பத்து நிமிடம் கூட்டி ஏழரை ஆக்கினார்கள். அந்த டிசம்பரிலேயே ஜப்பான்காரன் வந்துவிட்டான். அவன் ஆட்சியில் கடிகாரம் தோக்கியோ நேரத்துக்குப் போனது. 9 மணி நேரம் முன்னால். 1945 செப்டம்பரில் வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் மறுபடி ஏழரை. அது 1981 கடைசி வரை நீடித்தது. 1982 ஜனவரி 1 முதல் சபா, சரவாக்கோடு நாடு முழுக்க ஒரே நேரம் என்று 8 மணி நேரம்.

ஆகவே, ‘காலை 7.30’ என்று ஒருவர் சொன்னால் அது 1930இல் ஒரு கணம், 1935இல் ஒரு கணம், 1943இல் ஒரு கணம், 1960இல் ஒரு கணம், இன்றைக்கு வேறொரு கணம். உள்ளூர் சூரிய நேரத்துக்குக் கொண்டுவர 19 நிமிடம், 39 நிமிடம், 2 மணி 19 நிமிடம், 49 நிமிடம், 1 மணி 19 நிமிடம் என்று வரிசையாகக் கழிக்க வேண்டும். லக்னம் ஒரு ராசியைக் கடக்கச் சுமார் 2 மணி நேரம். அரை மணி நேரம் பிசகினால் நாலு பேரில் ஒருவருக்கு லக்னமே மாறிவிடும். நவாம்சம் பார்க்கிறவர்களுக்கு அரை மணிகூட வேண்டாம், கால் மணி போதும். போதாக்குறைக்கு, சென்னை அட்சரேகைக்குப் போட்ட லக்ன அட்டவணையை இங்கே அப்படியே வைத்துக் கணிப்பவர்களும் உண்டு. சென்னை வடக்கே 13 டிகிரி, நாம் ஐந்தரைக்கும் கீழே. நில நடுக்கோட்டை நெருங்க நெருங்க ராசிகள் உதிக்கும் நேரம் ஏறத்தாழச் சமமாகிவிடும். அந்த வித்தியாசத்தையும் பார்க்க வேண்டும்.

பழைய ஜாதகக் குறிப்பில் ‘உதயாதி நாழிகை’ என்று எழுதியிருந்தால் எனக்கு உயிர் வரும். சூரியன் உதித்ததிலிருந்து எத்தனை நாழிகை என்று எண்ணியது அது. அதில் எந்த கவர்னரும் கைவைக்க முடியாது. ஆனால் அதிலும் ஒரு சந்தேகம்: எழுதியவர் நிஜமாகவே உதயத்திலிருந்து எண்ணினாரா, இல்லை, சுவர்க் கடிகாரத்தில் ஆறு மணியை உதயம் என்று வைத்துக்கொண்டு மாற்றி எழுதினாரா? இங்கே ஏழரைக் கணக்கு ஓடிய காலத்தில் சூரியன் உதித்தது ஆறரைக்கு மேலேதான். செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்குப் பிறந்த பிள்ளை பஞ்சாங்கப்படி திங்கட்கிழமைப் பிள்ளை. இதைச் சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். கூகுளில் கிழமை பார்த்துவிட்டு வந்திருப்பார்கள்.

ஜப்பான்காரன் காலத்துப் பிறப்புகள்தான் பெரிய பாடு. செபராங் பிறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் 1943இல் பிறந்த அம்மா ஒருவர் மகனோடு வந்தார். சாகும் முன் தன் ஜாதகத்தைச் சரியாக எழுதி வைத்துவிட வேண்டும் என்று ஆசை. ஏன் என்று கேட்கவில்லை. அந்த வயதில் வருகிறவர்களிடம் நான் ஏன் என்று கேட்பதில்லை. நேரம் காலை ஏழரை என்று அவருடைய தாயார் சொல்லிக்கொண்டே இருப்பாராம்.

‘ஏழரைன்னா எந்த மணிம்மா? தோட்டத்து ஆபீஸ் மணியா, வீட்டு மணியா?’

‘வீட்ல ஏது சாமி கடியாரம்? கிராணி வீட்லதான் இருந்துச்சாம்.’

‘விடிஞ்சிருந்துச்சா?’

கொஞ்ச நேரம் யோசித்தார். ‘இல்ல. வெளக்க வச்சுக்கிட்டுத்தான் தொப்புள்கொடி அறுத்தாங்களாம். மருத்துவச்சி கெழவி சீமெண்ணெ இல்லேன்னு திட்டிக்கிட்டே அறுத்தாளாம். காலையில ஆள் எண்ணுற பெரட்டுக்கு ஆளுங்க கெளம்புன சத்தம் கேட்டுச்சுன்னு அம்மா சொல்லும்.’

அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. தோக்கியோ நேரப்படி இங்கே சூரியன் உதிக்க எட்டு மணிக்கு மேல் ஆகிவிடும், ஏழரைக்குக் கும்மிருட்டு. பழைய கணக்குப்படி ஏழரை என்றால் வெயிலே வந்திருக்கும். விளக்கும் மண்ணெண்ணெயும் தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணியின் வீட்டுக் கடிகாரம் யார் நேரத்தில் ஓடியது என்று சொல்லிவிட்டன. ஒன்றரை மணி நேர வித்தியாசம். அந்த அம்மாவுக்கு லக்னமே வேறு.

இன்னொரு பெரியவர் தன் பிறந்த தேதியே தெரியாது என்றார். அடையாள அட்டையில், அதாவது ஐசியில், 1942 என்று ஏதோ போட்டிருந்தது. ‘டவுன்ல குண்டு போட்டானுங்கள்ல, அதுக்கு மறுநாள் பொறந்தேன்னு ஆத்தா சொல்லும்’ என்றார். ஜார்ஜ் டவுன்மேல் பெரிய குண்டுவீச்சு நடந்தது 1941 டிசம்பர் 11, வியாழக்கிழமை. வானத்தில் விமானங்கள் வந்ததைச் சனங்கள் தெருவில் நின்று வேடிக்கை பார்த்தார்கள் என்றும், அதனால்தான் அத்தனை பேர் செத்தார்கள் என்றும் அப்பா சொல்வார். ஆக, பெரியவர் பிறந்தது மறுநாள் வெள்ளி, கார்த்திகை மாதம். ஊரே காலி செய்துகொண்டு ஓடிய நாளில் மணி யார் பார்த்திருப்பார்கள்? அவருக்கு லக்னம் போடவில்லை. சந்திரனை வைத்து ராசிக் கட்டம் மட்டும் எழுதிக் கொடுத்தேன். அவர் கேட்டது என் கணிப்பை அல்ல; தான் பிறந்த தேதியை. அந்தத் தாளை மடித்து ஐசிக்குப் பின்னால் செருகிக்கொண்டு போனார்.

1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றே முக்கால் என்று சுராட் பெரானாக்கில், அதாவது பிறப்புச் சான்றிதழில், எழுதியிருந்த ஒருவர் வந்தார். அப்படி ஒரு நேரம் அன்று தீபகற்பத்தில் கிடையாது. பதினொன்றரை ஆனதும் கடிகாரத்தைப் பன்னிரண்டுக்குத் தள்ளிவிட்டார்கள். அந்த அரை மணி நேரம் நாள்காட்டியிலேயே இல்லை. பிரசவ அறையில் யாரோ தங்கள் கைக்கடிகாரத்தைத் தள்ள மறந்திருக்கிறார்கள். அவர் உண்மையில் பிறந்தது 1982 ஜனவரி 1, பன்னிரண்டேகால். சொன்னதும் அந்த மனிதர் முகத்தில் அப்படி ஒரு குஷி. ‘ஒரு வயசு கொறஞ்சிருச்சு’ என்று போனில் மனைவிக்குச் சொன்னார்.

அலெக்ஸ் வேரஸ் எண் பூட்டை எப்படித் திறக்கிறான் தெரியுமா? ஒவ்வொரு எண்ணாக அழுத்திப் பார்க்கும் எதிர்காலங்களுக்குள் தேடி, எதில் கதவு திறக்கிறதோ அந்த எண்ணை அழுத்துகிறான். நான் செய்வதும் கிட்டத்தட்ட அதுதான், திசை மட்டும் எதிர். நேரம் சரியாகத் தெரியாதவருக்கு இரண்டு மூன்று லக்னங்களை வைத்துப் பார்த்து, அண்ணன் தம்பி எத்தனை பேர், அப்பா எந்த வயதில் போனார், கை கால் எப்போது ஒடிந்தது என்று நடந்து முடிந்ததைக் கேட்பேன். எந்தக் கட்டத்தில் நடந்தவை பொருந்துகின்றனவோ அதை வைத்துக்கொள்வேன். இதைச் சந்தேகப்பட்டுக் கேட்கிற இளைஞர்கள் உண்டு: ‘நாங்க சொல்றத வச்சுத்தானே நீங்க சொல்றீங்க?’ ஆமாம் என்றுதான் சொல்வேன். மறைக்க என்ன இருக்கிறது?

முகூர்த்தம் குறிப்பது தனித் தலைவலி. தமிழ்நாட்டில் அச்சான நாள்காட்டி இங்கே பாதி வீடுகளில் தொங்குகிறது. அதில் திதியும் நட்சத்திரமும் முடியும் நேரம் இந்திய நேரம். இரண்டரை மணி கூட்டிக்கொண்டால் சரி, ஏனென்றால் திதி உலகம் முழுக்க ஒரே கணத்தில் மாறுகிறது. ராகு காலம் அப்படி அல்ல. அது உள்ளூர்ப் பகலை எட்டாகப் பிரித்த ஒரு பங்கு. இங்கே சூரியன் உதிப்பது ஏழு மணிக்கு மேல். மாசியில் ஏழரையைத் தொட்டுவிடும். சனிக்கிழமை ராகு காலம் ஒன்பதிலிருந்து பத்தரை என்று நாள்காட்டி சொல்கிறது. பினாங்கில் அது பத்தேகாலிலிருந்து பதினொன்றே முக்கால் வாக்கில் விழும். ராகு காலம் கழியட்டும் என்று பத்தரைக்கு மேல் தாலி கட்டுகிறவர்கள் சரியாக ராகு காலத்தின் நடுவில் கட்டுகிறார்கள். இன்னும் சிலர் ராகு காலத்துக்கும் இரண்டரை மணி கூட்டி, பதினொன்றரையிலிருந்து ஒரு மணி என்று கணக்குப் போடுவார்கள். மண்டபத்துக்காரர், ஐயர், ஜோசியர் மூவரும் மூன்று கணக்கோடு நிற்கும் கல்யாணங்களுக்குப் போயிருக்கிறேன். பெண்ணின் தாய்மாமன் சொன்னதுதான் கடைசியில் நடக்கும்.

சனிப் பெயர்ச்சியை வைத்துப் பிழைப்பு நடத்துவதை மட்டும் என்னால் சகிக்க முடியவில்லை. திருக்கணிதப் பஞ்சாங்கப்படி சனி மீனத்துக்குப் போனது 2025 மார்ச் 29. வாக்கியப் பஞ்சாங்கப்படி அது 2026 மார்ச்சில். ஏறத்தாழ ஒரு வருட இடைவெளி. இரண்டு தேதிக்கும் தனித்தனியாகப் பயமுறுத்தி, இரண்டு முறை பரிகாரத்துக்குக் காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நான் திருக்கணிதக்காரன். வானத்தில் கண்ணால் பார்க்கிற இடத்தில் கிரகம் இருக்க வேண்டும் என்பது அப்பா வைத்த விதி. வாக்கியக்காரர்களோடு எனக்குச் சண்டை இல்லை, கோயில் உற்சவங்கள் பலவும் அவர்கள் கணக்கில்தான் நடக்கின்றன. இரண்டு பக்கமும் கல்லா கட்டுகிறவர்களோடுதான் சண்டை.

எங்கள் இடத்திலிருந்து கொஞ்ச தூரத்தில், பிட் ஸ்திரீட்டில், சீனர்களின் குவான் இன் கோயில். அங்கே மூங்கில் குழலைக் குலுக்குவார்கள். எண் எழுதிய குச்சி ஒன்று கீழே விழும். பிறை வடிவக் கட்டைகள் இரண்டைப் போட்டு, சாமி சம்மதிக்கிறதா என்று பார்த்துக்கொள்வார்கள். பிறந்த நேரம் எதுவும் வேண்டாம். கேட்கிற கணம் போதும். எங்களிடமும் பிரசன்னம் உண்டு, கேள்வி கேட்ட கணத்துக்குக் கட்டம் போடுவது. அலெக்ஸ் வேரஸுக்கு மிக நெருக்கமான சங்கதி அதுதான். ஆனால் பினாங்குத் தமிழர்கள் பிரசன்னத்தில் திருப்தியடைவதில்லை. தன் பிறப்பிலிருந்து பதில் வர வேண்டும் அவர்களுக்கு.

லண்டன் மந்திரவாதியை முடித்த பிறகு பேத்தி இன்னொரு நாவலைக் கொடுத்தாள்: ‘பிளாக் வாட்டர் சிஸ்டர்’, 2021. எழுதியவர் மலேசியப் பெண் ஸென் சோ. கதை நடப்பது இங்கே, பினாங்கில். அமெரிக்காவிலிருந்து குடும்பத்தோடு திரும்பி வரும் ஒரு சீனப் பெண்ணின் தலைக்குள் செத்துப்போன பாட்டியின் குரல் கேட்கிறது. ஒரு சாமிக்கு ஊடகமாக இருந்தவள் அந்தப் பாட்டி. கோயில் நிலத்தில் கட்டடம் எழுப்பப் பார்க்கும் முதலாளிமேல் அவளுக்குத் தீராத வன்மம். நம் முனீஸ்வரன் கோயில் சாமியாடிகளைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கதையில் விளக்கமே தேவைப்படாது. பேத்தியிடம் சொன்னேன்: லண்டன்காரன் ஹீரோவுக்கு முன்னால் வருவது தெரிகிறது, நம்ம ஊர்க்காரி ஹீரோயினை முன்னால் போக விடாமல் பின்னால் இருப்பவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். எந்தக் கதை நிஜமாக இருக்கிறது என்று கேட்டாள். என் பெட்டியில் இருக்கும் பழைய ஜாதகங்களைப் பார்த்தால் தெரியும் என்றேன். நாகப்பட்டினம் என்று கப்பலேறிய ஊர்ப் பெயர்கூட ஓரத்தில் குறித்த தாள்கள் அவை. வருங்காலம் கேட்க வந்தவர்கள் எடுத்து வைத்தவை.

இப்போதெல்லாம் வருகிறவர்கள் போனில் ஜாதகத்தோடு வருகிறார்கள். நல்ல மென்பொருள்களுக்கு இந்த நேர மாற்றங்கள் எல்லாம் தெரியும். ஊரையும் தேதியையும் கொடுத்தால் தானே கழித்துக்கொள்ளும். இலவசமாகக் கிடைக்கும் சில, மலேசியா என்றாலே எட்டு மணி நேரம் என்று போட்டுவிடும்.

போன ஆடியில் ஒரு பெண் வந்தார், 1979இல் பட்டர்வொர்த்தில் பிறந்தவர், கணக்காய்வாளர். போன் அவரைத் துலா லக்னம் என்றது. ஏழரைக் கணக்கில் போட்டுப் பார்த்தால் துலாம் முடிந்து விருச்சிகம் தொடங்கிவிட்டது. இரண்டையும் தாளில் போட்டு, அரை மணி நேரம் எங்கே போனது என்று காட்டினேன். கணக்குத் தெரிந்தவர், உடனே புரிந்துகொண்டார். துலாத்துக்குச் சொன்ன பலன்களை இத்தனை காலம் நம்பி, சுக்கிரனுக்கு வெள்ளிக்கிழமை விளக்குப் போட்டு வந்திருக்கிறார். செவ்வாய்தான் உங்கள் லக்னாதிபதி என்றேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

‘ஐயா, ரெண்டையுமே எழுதிக் குடுத்துடுங்களேன்.’

‘ஒண்ணு தப்பும்மா.’

‘தெரியும். இருந்தாலும் குடுங்க. ரெண்டுக்கும் காசு தர்றேன்.’

எழுதிக் கொடுத்தேன். தப்பானதின் தலையில் ‘கணக்குப் பிழை’ என்று சிவப்பு மையில் குறித்தேன். காசு ஒன்றுக்கு மட்டும் வாங்கினேன். எது எந்தக் கவரில் என்று இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொண்டு, வெள்ளிக்கிழமை விளக்கை நிறுத்த வேண்டுமா என்றும் கேட்டார். விளக்கு எந்தக் கிழமை போட்டாலும் நல்லதுதான் என்றேன்.